துலிப் கிழங்கு: 10 வாங்கி 3 பூ பார்த்த கதை

கும்பகோணத்தில் வீட்டு முன்கட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். செடி கொடியில் பெரிய ஞானம் கிடையாது. துளசி, ரெண்டு நந்தியாவட்டை, கொல்லையில் ஒரு முருங்கை, அவ்வளவுதான். நாத்தனார் காஷ்மீர் டூர் போய்விட்டு வந்து ஸ்ரீநகர் துலிப் தோட்டத்துப் படங்களைக் காட்டினார். தால் ஏரிக்கரைப் பக்கம், மலையடிவாரத்தில் பாத்தி பாத்தியாகச் சிவப்பும் மஞ்சளும். சித்திரையில் பிடித்த ஆசை ஐப்பசி வரைக்கும் விடவில்லை. ஆன்லைனில் ஒரு கடையில் 10 கிழங்கு 700 ரூபாய் என்று போட்டிருந்தது, வாங்கிவிட்டேன். கடைப் பெயர் வேண்டாம். இதே சரக்கை இதே சீட்டோடு பல பேர் விற்கிறார்கள்.

கிழங்கைக் குறை சொல்ல மாட்டேன். நாசிக் வெங்காயம் அளவு, கெட்டியாக, மேல்தோல் காப்பிப்பொடி நிறத்தில். என் மாமியார் பாதியைச் சாம்பாருக்கு உரிக்க எடுத்துவிட்டார். நல்லவேளை நான் பார்த்தேன், இது வயிற்றுக்கு ஆகாத கிழங்கு. கூடவே ஒரு சீட்டு: "வந்தவுடன் மண்ணில் நடவும். தினமும் தண்ணீர் ஊற்றவும். 45 நாளில் பூக்கும்."

சரி என்று அப்படியே நட்டேன். அடைமழைக் காலம். ஏழு கிழங்கு அழுகிக் கூழாகிவிட்டது. மூன்று மட்டும் வெளிறிய பச்சையில் அகல இலை விட்டு அப்படியே நின்றது. ஒன்றில் இலைக்கு நடுவே மொட்டு மாதிரி ஏதோ தெரிந்தது, காய்ந்து காகிதமாகிவிட்டது. கடைக்கு எழுதினால், "உங்கள் மண் சரியில்லை" என்று பதில். காவிரி வண்டலைப் பார்த்துச் சொல்கிறார்கள்!

விஷயத்தை விளக்கியவள் வேளாண்மை படிக்கும் என் அக்கா மகள். அடுத்த ஐப்பசியில், ரோஷத்துக்கு அதே கடையில் அதே 700 ரூபாய்க்கு மறுபடி 10 வாங்கியிருந்தேன். அதில் ஒன்றை எடுத்து அரிவாள்மனையில் நெட்டுவாக்கில் பிளந்து காட்டினாள். உள்ளே, ஏடு ஏடாக இருந்ததற்கு நடுவில், அரிசி அளவுக்குக் குட்டியாக ஒரு பூ! "சித்தி, பூ ஏற்கெனவே உள்ளே இருக்கு. அதை மேலே தூக்கிவிடுற தண்டு நீளணும்னா குளிர் வேணும்" என்றாள். ஏறக்குறைய 2 முதல் 9 டிகிரி வரையான குளிரில் 12 முதல் 16 வாரம் கிடந்தால்தான் உள்ளே இருக்கிற மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, தண்டு நீள ஆரம்பிக்குமாம். குளிர்நாட்டில் இலையுதிர்காலத்தில் நட்டுவிடுவார்கள், பனிக்காலம் அந்த வேலையை முடித்துவிடும். நடுவில் நாலு நாள் வெயில் அடித்தாலும் கிழங்கு ஏமாறாது, குளிர்க் கணக்கு முடிந்தால்தான் எழும். இங்கே மார்கழி விடியலில் போர்வையை இழுத்துப் போர்த்துகிறோமே, அப்போதே 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அது துலிப்புக்குக் கோடை.

எனக்கு இது புரியாத விஷயம் இல்லை. பழைய நீண்டகாலச் சம்பா ரகங்களை முன்னே பின்னே விதைத்தாலும் பொழுது குறைந்தால்தான் கதிர் வரும் என்று அப்பா சொல்வார். நெல் பகலை எண்ணுகிறது, இது குளிரை எண்ணுகிறது.

மிச்சம் ஒன்பது. (தலைப்பில் 10 என்றுதான் போட்டிருக்கிறேன், காசு பத்துக்குத்தானே கொடுத்தேன்.) மாவு வைக்கிற ஃப்ரிட்ஜ் 5 டிகிரியில் ஓடுகிறது. பழைய பேப்பரில் சுற்றி, ஈரம் படாமல், அடித்தட்டில் வைத்தேன். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணியிலிருந்து கரண்ட் போன நாட்களில் கதவைத் திறக்கவே இல்லை. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது மருமகள் ஒரு கிலோ ஆப்பிளைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டாள். மூன்று நாள் கழித்துத்தான் பார்த்தேன். பழுக்கிற பழத்திலிருந்து எத்திலீன் என்ற வாயு வரும், அது கிழங்குக்குள் இருக்கிற பூவைக் கருக்கிவிடும் என்று அக்கா மகள் முன்பே எச்சரித்திருந்தாள். தெருமுனை வாழை மண்டி அண்ணனிடம் சொன்னேன். "அட, தாரை அடுக்கி மூட்டம் போடுறோமே, அந்தப் புகையில இருக்கறதும் அதுதாம்மா" என்றார். அவருக்குக் காயைப் பழமாக்குவது என் பூவைப் பொசுக்குகிறது.

போகிக்கு முதல் நாள், 12 வாரம் முடிந்து எடுத்து மண்தொட்டியில் நட்டேன். பிளாஸ்டிக் தொட்டி வேண்டாம். மண்பானைத் தண்ணீர் மாதிரி மண்தொட்டி கொஞ்சமாவது குளிர்ந்திருக்கும். வெயில் நேராகப் படாத முற்றத்து ஓரம், தண்ணீர் மேல்மண் காய்ந்தால் மட்டும். "தினமும் தண்ணீர்" என்ற சீட்டைக் குப்பையில் போட்டேன்.

ஒன்பதில் எட்டு முளைத்தது. மாசி பிறந்ததும் மூன்று பூத்தது. தண்டு ஒரு சாண்கூட இல்லை, பூ இலைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. அட்டையில் சிவப்பு, வந்தது ரெண்டு மஞ்சள், ஒரு ரோஸ். காலையில் கிண்ணம் மாதிரி இருக்கும், மத்தியானச் சூட்டில் தட்டு மாதிரி விரிந்துவிடும், ராத்திரி மறுபடி மூடும். நாலு நாள் இருந்தது. மாவு வாங்க வந்தவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். ஒரு பையன் தொட்டுப் பார்த்து, "பிளாஸ்டிக்கா அத்தை?" என்றான். வாசம் கிடையாது, தலையில் வைக்கவும் ஆகாது. மற்ற ஐந்தும் வெறும் இலையோடு சரி. அதற்கு ஆப்பிள் காரணமா, தைமாதச் சூடு காரணமா, தெரியாது.

இந்தத் தடவைச் செலவை மட்டும் கணக்குப் போட்டாலே ஒரு பூ 233 ரூபாய். அடுத்த வருஷத்துக்குக் கிழங்கை எடுத்து வைக்கலாமா என்றால், நம் சூட்டில் அது சிறுத்துப் பிளந்துவிடுகிறது, மறுபடி பூக்கும் தெம்பு இருக்காது. வருஷா வருஷம் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

கிழங்குக்கு மூன்று நட்சத்திரம். சீட்டுக்குப் பூஜ்ஜியம். "12 வாரம் ஃப்ரிட்ஜில் வைக்கவும், பழத்தோடு வைக்காதீர்கள்" என்று ஒரு வரி அச்சடிக்க எவ்வளவு மை செலவாகும்? அதே கடையில் ஹயசிந்த் கிழங்கும் இதே "45 நாள்" சீட்டோடு விற்கிறார்கள், அதுவும் குளிர் கேட்கிற ஜாதிதான். ஏமாறாதீர்கள். கிழங்கு நட்டுப் பூ பார்க்கிற ஆசை மட்டும்தான் என்றால் சம்பங்கி இருக்கிறது, மழை பெய்ததும் பூக்கிற மழை லில்லி இருக்கிறது, வேலியில் ஏறவிட்டால் செங்காந்தள் இருக்கிறது. ஒன்றுக்கும் ஃப்ரிட்ஜ் வேண்டாம்.

இவ்வளவு எழுதிவிட்டுச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வருகிற ஐப்பசிக்கு அடித்தட்டில் ஒரு டப்பாவுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். ஆப்பிளை மேல்தட்டில்கூட வைக்கக்கூடாது என்று மருமகளிடம் இப்போதே சொல்லியாகிவிட்டது.