ரெட் ஹவுஸா, கிராக்சைடா?

இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டு வீடு ஒன்றைப் பார்க்கத்தான் நேரமிருக்கிறது, எதற்குப் போவது என்று குழம்புகிறவர்களுக்கு இது. இரண்டுமே முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளவை.

இடம்: ரெட் ஹவுஸ் லண்டனின் தென்கிழக்கே, பெக்ஸ்லிஹீத்தில்.
கிராக்சைடு வடக்கே நார்தம்பர்லாந்தில், தூரம்தான்.

கட்டடம்: ரெட் ஹவுஸை எழுத்தாளரும் அலங்கார வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸுக்காக 1859இல் வடிவமைத்தவர் பிலிப் வெப். பூச்சு இல்லாத செங்கல், எல் வடிவம், செங்குத்தான ஓட்டுக்கூரை. வெளியே சமச்சீராகத் தெரிய வேண்டும் என்று கவலைப்படாமல் உள்ளே அறைக்கு எங்கே தேவையோ அங்கே ஜன்னல் வைத்திருக்கிறார், எனக்கு இந்த வீட்டில் ரொம்பப் பிடித்தது அந்த நேர்மைதான்.
கிராக்சைடு 1863இல் சிறிய வீடாகத் தொடங்கியது. 1869 முதல் கட்டடக்கலைஞர் நார்மன் ஷா கைவைத்த பிறகு பாறைச் சரிவில் கோபுரமும் உயர்ந்த புகைபோக்கிகளுமாக வளர்ந்துகொண்டே போனது.

வசதி: ரெட் ஹவுஸில் தோட்டத்துக் கிணறு, அதற்குக் கூம்புக் கூரை.
கிராக்சைடில் நீர்விசை லிஃப்ட், அப்புறம் 1878லேயே நீர்மின் விளக்கு!

சரி, கட்டடக்கலை படிக்கிறவர்கள், வீடு கட்டப்போகிறவர்கள் ரெட் ஹவுஸுக்குப் போங்கள். பொறியியல் ஆர்வமும் ஒரு முழு நாளும் இருந்தால் கிராக்சைடு.