ஜிர்கோனியா கேப், இரண்டு வருடம் கழித்து: பல் சரியாகிவிட்டது, பில் முடியவில்லை

கீழ் வரிசையில் இடது கடைவாய்ப் பல்லுக்கு 2023-ல் ரூட் கேனல் செய்து ஜிர்கோனியா கேப் (பல்லின் மேல் ஒட்டும் உறை, உலோகம் கலக்காத வெள்ளைப் பீங்கான் மாதிரி) போட்டுக்கொண்டேன். திருச்சி தில்லைநகர் பக்கம் ஒரு கிளினிக். பெயர் எழுதப் போவதில்லை. கேப் எப்படி உழைக்கிறது என்று எழுத வேண்டும் என ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். போன வாரம் அங்கிருந்து "உங்கள் நிலுவைத் தொகை ரூ.4,500" என்று மறுபடியும் வாட்ஸ்அப் வந்தது. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கேப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தட்டை, முறுக்கு, வறுத்த கடலை எல்லாம் அந்தப் பக்கம்தான் மெல்லுகிறேன். கரும்பை மட்டும் டாக்டர் சொன்னபடி வலது பக்கம் கடிக்கிறேன். அம்மாவுக்கு முன்பு போட்ட மெட்டல் செராமிக் (உள்ளே உலோகம், மேலே பீங்கான்) கேப்பில் ஈறு ஓரம் ஒரு கறுப்புக் கோடு தெரியும். இதில் அது இல்லை. நான் எதிர்பார்க்காத சந்தோஷம் வேறொன்று. பக்கத்துப் பல்லுக்கும் கேப்புக்கும் நடுவில் எதுவுமே சிக்குவதில்லை. சொத்தையாக இருந்த காலத்தில் முருங்கைக்காய் சாம்பார் சாப்பிட்டால் கை கழுவிய பிறகும் வெகுநேரம் நாக்கால் நாரைத் துழாவிக்கொண்டே இருப்பேன். அந்தத் தொல்லை அடியோடு போயிற்று. இதை ஜிர்கோனியாவின் பெருமை என்று மட்டும் சொல்ல மாட்டேன். நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, எங்கே இடிக்கிறது என்று பார்த்து, துளித்துளியாகத் தேய்த்து, திரும்பவும் கடிக்கச் சொன்னார் அந்த டாக்டர். வெளியே கூட்டம் காத்திருந்தது. அவர் அவசரப்படவே இல்லை.

இனி பில். முதலில் பேசியது ரூட் கேனலுக்கு 6,000, மெட்டல் செராமிக் கேப்புக்கு 5,500. கேப் செய்து தரும் லேபிலிருந்து வந்த கேப்பை வைத்துப் பார்த்தபோது ஓரம் சரியாக உட்காரவில்லை. எனக்கு அது தெரியக்கூட இல்லை, டாக்டர்தான் கண்டுபிடித்துக் கழற்றினார். "லேப்ல பண்ண தப்புக்கு நீங்க ஏன் சார் அலையணும்? மறுபடி அளவெடுத்து ஜிர்கோனியாவாவே போட்டுடறேன். பேசின ரேட்தான், கூட ஒண்ணும் வேண்டாம்" என்றார். நான் கேட்டு வாங்கிய சலுகை இல்லை, அவராகச் சொன்னது. கேப் ஒட்டிய அன்றே முழுப் பணத்தையும் ஜிபே-யில் அனுப்பினேன். லெட்டர்ஹெட்டில் கையால் எழுதி, "ரூ.11,500 பெறப்பட்டது, பாக்கி இல்லை" என்று கையெழுத்தும் சீலும் வைத்துக் கொடுத்தார். லேப் தந்த வாரன்டி கார்டும் அதோடு இருக்கிறது. (அந்தக் கார்டு கேப் உடைந்தால் கேப்பை மாற்றித் தருவதற்குத்தான். அடியில் இருக்கும் பல்லுக்கு ஏதாவது ஆனால் அது உதவாது. வாங்குகிறவர்கள் பின்பக்கத்தைப் படித்துக்கொள்ளுங்கள்.)

ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு போன் வந்தது. இடையில் அந்த கிளினிக் ஒரு பெரிய குழுமத்தோடு சேர்ந்திருக்கிறது. பழைய நோட்டுக் கணக்கையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது என் பெயருக்கு எதிரே ஜிர்கோனியா என்று அடித்திருக்கிறார்கள். உடனே இப்போதைய விலைப்பட்டியலில் உள்ள 10,000 வந்து உட்கார்ந்துவிட்டது. நான் கொடுத்த 5,500 போக மீதி 4,500 நிலுவையாம். ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். பதில் இல்லை. அடுத்த முறை பேசிய வேறொருவர், அது ஜிஎஸ்டி என்றார். நோய்க்குச் செய்யும் பல் சிகிச்சைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. பல்லை வெண்மையாக்குவது மாதிரி அழகுக்குச் செய்வதற்குத்தான் வரி. போகட்டும், 18 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் 11,500-க்கு 2,070 தானே வரும்? 4,500 எங்கிருந்து வந்தது? அதற்கும் பதில் இல்லை.

வருடாந்திர செக்கப்புக்குப் போனபோது நடந்ததுதான் இன்னும் மனதில் உறுத்துகிறது. ரிசப்ஷனில் பெயர் சொன்னதும், "பழைய பேலன்ஸ் கட்டிட்டு உள்ளே போங்க சார்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்கள். பெஞ்சில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் யாருக்கும் ஒரு ரூபாய் பாக்கி வைத்தவன் இல்லை. ரசீதைக் காட்டியும், "சிஸ்டத்துல காட்டுது சார்" என்பதுதான் பதில். டாக்டரைப் பார்த்துச் சொன்னபோது அவருக்கே சங்கடமாக இருந்தது. "நான் சொல்லிடறேன், நீங்க கண்டுக்காதீங்க" என்றார். சொன்னாரோ இல்லையோ, மெசேஜ் நிற்கவில்லை.

செருப்பென்றால் விலை ஒத்துவராதபோது கழற்றி வைத்துவிட்டு வந்துவிடலாம். பல்லில் ஒட்டிய கேப்பை அப்படித் திருப்பிக் கொடுக்க முடியாது. ஒட்டுவதற்கு முன்பே விலை முடிவாகிவிட வேண்டும் என்பது இதனால்தான். வாய்க்குள் போன பிறகு நோயாளிக்கு வேண்டாம் என்று சொல்ல வழியே கிடையாது. அதற்கப்புறம் ஏற்றப்படும் ஒவ்வொரு ரூபாயும் அவர் சம்மதம் இல்லாமல் ஏற்றப்படுவதுதான்.

அவர்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ரிசப்ஷனில் இருக்கும் பெண் புதிதாகச் சேர்ந்தவர், திரையில் இருப்பதை வாசிக்கிறார். இரண்டாவது கேப்புக்கு லேப் கேட்ட பணத்தை டாக்டர் தன் கையிலிருந்துதான் கொடுத்திருக்க வேண்டும். அன்றைக்கே "ஜிர்கோனியாவுக்கு இவ்வளவு ஆகும்" என்று சொல்லியிருந்தால் மறுபேச்சில்லாமல் கொடுத்திருப்பேன். காலம் கடந்துவிட்டது என்பதும் என் வாதம் இல்லை. உண்மையான பாக்கியாக இருந்தால் அதைக் கேட்க 1963-ம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் மூன்று வருடம் கொடுக்கிறது. ஆனால் இங்கே பாக்கியே இல்லை. 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 63-வது பிரிவு இதற்கென்றே ஓர் உதாரணம் தருகிறது: 5,000 ரூபாய் தர வேண்டியவர் 2,000 கொடுக்க, முழுக் கடனும் தீர்ந்ததாக மற்றவர் அதை ஏற்றுக்கொண்டால், கடன் முழுவதும் தீர்ந்தது. கடன் இருந்தபோதே அப்படி என்றால், பேசிய தொகையை முழுதாகக் கொடுத்து, "பாக்கி இல்லை" என்று எழுதி வாங்கியவனிடம் கேட்க என்ன இருக்கிறது?

ரசீது நகலோடு ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்பினேன். சில வாரம் மெசேஜ் வரவில்லை. முடிந்தது என்று நினைத்திருந்தபோதுதான் போன வாரம் மறுபடி வந்தது. அடுத்தது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது. பணம் கொடுத்து வாங்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. 4,500 ரூபாய்க்கு இவ்வளவா என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆமாம், இவ்வளவுதான். ரசீதைத் தொலைத்தவர்கள் எத்தனை பேர் பயந்து கட்டியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆறவில்லை. பில் மெஷினில் வரும் சீட்டு சீக்கிரம் வெளுத்து வெறும் தாளாகிவிடும், வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வையுங்கள். கேப்பின் வகை, விலை, "பாக்கி இல்லை" என்ற வரி, மூன்றும் அதில் இருக்கட்டும்.

மச்சானுக்கும் இப்போது கடைவாய்ப் பல்லில் ரூட் கேனல் சொல்லியிருக்கிறார்கள். "அந்த டாக்டர்கிட்டயே போகட்டுமா?" என்று கேட்டார். நான் போய்ப் பார்த்த பல் டாக்டர்களில் இவ்வளவு நல்ல கை யாருக்கும் கிடையாது. இருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். என் பெயருக்கு எதிரே இருக்கும் அந்த 4,500-ஐ நீக்கி, நிலுவை இல்லை என்று குழுமத்தின் சீலோடு எழுதிக் கொடுக்கட்டும், அன்றைக்கே மச்சானை நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.