12 வார ஆய்வுப் பயிற்சி: உளவியல் முனைவர் பட்ட விண்ணப்பத்துக்கு எவ்வளவு உதவியது?

உளவியலில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்க விரும்பினாலும் எந்த ஆய்வகத்திலும் பணிபுரியும் வாய்ப்புக் கிடைக்காதவர்களுக்காக இணையவழியில் கட்டணப் பயிற்சி நடத்தும் நிறுவனங்கள் பல உள்ளன. அவற்றுள் ஒன்றில் 12 வாரப் பயிற்சியை முடித்து, பின்னர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்து, நேர்காணல்களையும் எதிர்கொண்ட பிறகே இதை எழுதுகிறேன். பயிற்சி முடிந்த மறுநாளே எழுதியிருந்தால் 5 நட்சத்திரங்களும் கொடுத்திருப்பேன். இப்போது 3க்கு மேல் தர மனம் வரவில்லை.

பயிற்சியின் மிகச் சிறந்த பகுதி, விளம்பரத்தில் ஒரு வரியாகக்கூட இடம்பெறாத பகுதிதான். ஒப்புதல் பெற்றுப் பதிவுசெய்யப்பட்ட 20 நேர்காணல்களின் எழுத்துப் படிகளைக் கொடுத்து, பேசியவரின் உணர்ச்சிநிலையை வரிவரியாக வகைப்படுத்தச் சொன்னார்கள். ஒரே படியை இருவர் தனித்தனியே வகைப்படுத்த வேண்டும். பிறகு இருவருக்கும் இடையிலான ஒப்புமையை, தற்செயலாக ஒத்துப்போகும் அளவைக் கழித்துக் கணக்கிடும் கோஹன் கப்பா என்ற அளவையால் பார்க்க வேண்டும். முழுமையாக ஒத்துப்போனால் அது 1; முதல் சுற்றில் எங்களுக்குக் கிடைத்தது வெறும் 0.41. "பரவாயில்லை" என்று ஒருவர் சொன்னதை நான் மனநிறைவு என்று குறித்திருந்தேன், உடன் பணிசெய்தவர் சலிப்பு என்று குறித்திருந்தார். இருவருமே அவரவர் குறிப்பில் உறுதியாக இருந்தோம். அந்த ஒரு சொல்லுக்காக ஏறத்தாழ ஒரு மணி நேரம் வாதிட்டு, முன்பின் வாக்கியங்களைப் பார்க்காமல் எதையும் வகைப்படுத்தக் கூடாது என்ற விதியை வழிகாட்டிக் குறிப்பேட்டில் சேர்த்த பிறகு, அடுத்த சுற்றில் 0.78ஐ எட்டினோம். நேர்காணல் ஒன்றில் பேராசிரியர் என் கட்டுரைப் பட்டியலைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல், இந்தக் கருத்து வேறுபாட்டைப் பற்றியே 15 நிமிடங்கள் கேட்டுக்கொண்டிருந்தார்.

புள்ளியியல் வகுப்புகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆர், ஜாஸ்ப் ஆகிய இரண்டுமே இலவச மென்பொருள்கள். காணொளியில் கற்பித்த அளவுக்கு அவற்றைத் தாமாகவே கற்றுக்கொள்ள முடியும்.

இரண்டாவது திட்டப்பணியில்தான் கோளாறு தொடங்கியது. பயிற்சியாளர்கள் ஒவ்வொருவரும் தம் நண்பர்களுக்கு மனச்சோர்வு பற்றிய வினாப் படிவத்தை அனுப்பித் தரவு திரட்ட வேண்டும் என்றார்கள். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு, தரவு திரட்டத் தொடங்கும் முன்பே நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற வேண்டும் என்பதும், திரட்டிய பின் அதைப் பெற்றுச் சரிக்கட்ட இயலாது என்பதும் இத்துறையின் அரிச்சுவடி. அதிலும், தற்கொலை எண்ணம் உண்டா என்ற கேள்விக்கு ஒருவர் 'ஆம்' என்று பதிலளித்தால் என்ன செய்வது என்பதற்கு எங்களிடம் எந்த ஏற்பாடும் இல்லை. எந்தக் குழு அனுமதித்தது என்று இன்னொரு நேர்காணலில் கேட்டபோது நான் விழித்தேன்.

அந்தத் தரவைக் கொண்டே கட்டுரை எழுதப்பட்டு, கட்டணம் செலுத்தினால் சில நாட்களிலேயே ஏற்றுக்கொள்ளும் ஆய்விதழ் ஒன்றில் 14 பேரின் பெயர்களுடன் வெளியானது. உளவியல் ஆய்வுகள் 100ஐ மீண்டும் செய்துபார்த்து, ஏறத்தாழ 36 விழுக்காட்டில் மட்டுமே புள்ளியியல் முக்கியத்துவமுள்ள, அதாவது தற்செயல் என்று எளிதில் ஒதுக்கிவிட முடியாத, முடிவு கிடைத்ததாக 2015இல் ஒரு பெரிய ஆய்வுக் குழு அறிவித்தது. அதன் பின்னர் இத்துறையினர், கருதுகோளை முன்கூட்டியே பதிவுசெய்வதற்கும் தரவைத் திறந்து வைப்பதற்கும் எவ்வளவு முக்கியத்துவம் தருகிறார்கள் என்பதை அறிந்த எவரும் இத்தகைய கட்டுரையைச் சாதனையாகக் கருதப்போவதில்லை.

பரிந்துரைக் கடிதமும் அப்படித்தான். பல படிப்புகள் 3 கடிதங்கள் கேட்கின்றன. மாணவரைத் தம் ஆய்வகத்துக்கென்றே பேராசிரியர் தேர்ந்தெடுக்கும் முறை உள்ள இடங்களில், விண்ணப்பதாரரின் வேலையை அருகிலிருந்து பார்த்தவர் எழுதும் கடிதத்துக்கே எடை அதிகம். 18 பேர் கொண்ட குழுவை வாரம் ஒருமுறை திரையில் சந்தித்த வழிகாட்டியால் என்னைப் பற்றி 'கடின உழைப்பாளி' என்பதற்கு மேல் என்ன எழுத முடியும்? அவரைக் குறைசொல்ல மாட்டேன், பழகிய அளவுக்குத்தானே எழுத முடியும்.

யாருக்கு எவ்வளவு ஆய்வு அனுபவம் தேவை என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். மருத்துவ உளவியலில் பிஎச்.டி. பட்டம், 1949ஆம் ஆண்டு அமெரிக்காவின் போல்டர் நகரில் நடந்த மாநாடு வகுத்த 'ஆய்வாளரும் சிகிச்சையாளரும் ஒருவரே' என்ற கொள்கையைப் பெரும்பாலும் பின்பற்றுவது. 1973ஆம் ஆண்டு அமெரிக்காவின் வேல் (Vail) நகரில் நடந்த மாநாடு ஏற்றுக்கொண்ட சைடி. (Psy.D.) என்ற முனைவர் பட்டமோ சிகிச்சைப் பயிற்சியை முதன்மையாக்குவது. எங்கள் குழுவில் சைடி. பட்டத்துக்கு மட்டும் விண்ணப்பித்த நால்வர், அதே கட்டணத்தைச் செலுத்தி அதே 12 வாரங்களையும் செலவிட்டார்கள்.

முதல் ஆறு வாரங்களை மட்டும் தனியே வழங்கினால் தயங்காமல் பரிந்துரைப்பேன். கட்டணத்தை நான் திருப்பிக் கேட்கவில்லை. அந்தக் கட்டுரையிலிருந்து என் பெயரை நீக்குமாறு நிறுவனத்துக்கும் ஆய்விதழுக்கும் இருமுறை எழுதியுள்ளேன்; இன்றுவரை பதில் இல்லை.