கரண்ட் பில் குறைக்கும் பெட்டி: 258 வெள்ளியும் போனது, மகனுக்கு ஷாக்கும் அடித்தது

பேராக், ஊத்தான் மெலிந்தாங் பக்கம் யாராவது "கரண்ட் பில் பாதியாகும்" என்று சொல்லி விற்கும் அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டியை வாங்கப் போகிறீர்களா? வேண்டாம். இரண்டு பெட்டி 258 வெள்ளி. காசை வாங்கிக்கொண்ட ஆள் இப்போது பேசுவதே இல்லை.

வாங்கியது ஓர் இணையச் சந்தையில், நேரலை விற்பனையில். விற்றவர் தமிழர். "அக்கா, தோட்டத்து ஆளுங்க பில்லு கட்டியே ஓய்ஞ்சு போறாங்க, நமக்குள்ள நான் பொய் சொல்வேனா?" என்றார். பேச்சை மட்டும் கேட்டு நாங்கள் பணம் கட்டவில்லை. மேசையில் ஒரு மோட்டாரை ஓடவிட்டு, வயரில் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டிக் காட்டினார். பெட்டியைச் செருகியதும் ஆம்பியர் மளமளவென்று இறங்கியது. கண்ணால் பார்த்த பிறகு யார்தான் நம்பமாட்டார்கள்?

ஆம்பியர் இறங்கியது நிஜம்தான், அதுதான் கொடுமை. செம்பனை ஆலையில் சார்ஜ்மேனாக, அதாவது கரண்ட் வேலைக்குப் பொறுப்பாளாக, இருக்கும் என் தம்பி பெட்டியைத் திறந்தான். உள்ளே கரண்டைச் சேர்த்து வைக்கும் ஒரு கப்பாசிட்டர், ஒரு பச்சை விளக்கு, அவ்வளவுதான். வேலைக்கு ஆகாமல் மோட்டார் சும்மா இழுத்துத் திருப்பி விடும் கரண்டை இந்தக் கப்பாசிட்டர் பக்கத்திலிருந்தே கொடுத்து வாங்கும், அதனால் ஆம்பியர் குறையும். ஆனால் வீட்டு பில் கிலோவாட் மணிக்குத்தான், அந்தச் சும்மா கரண்டுக்கு நாம் காசே கட்டுவதில்லை. ஆலைக்கு வேறு கதை. பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கும் கரண்டில் வேலைக்கு ஆகும் பங்கு, 0.85-க்குக் கீழே போனால் அங்கே அபராதம் உண்டு.

காசைவிட என்னைக் கொதிக்க வைத்தது இது. திருப்பி அனுப்பலாம் என்று மகன் சுவிட்சை அடைத்துவிட்டுத்தான் பெட்டியைப் பிடுங்கினான். பிளக்கின் உலோகப் பின் உள்ளங்கையில் பட்டதும் சுள்ளென்று அடித்தது. கையை உதறியதில் முழங்கை அலமாரியில் மோதி வீங்கிவிட்டது. 240 வோல்ட் லைனில் கப்பாசிட்டர் 340 வோல்ட் வரை ஏறும், பிடுங்கினாலும் அது அப்படியே நிற்கும். பிடுங்கிய ஒரு நொடியில் 34 வோல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டும் என்பது வீட்டுச் சாமான்களுக்கான சர்வதேசத் தரம். அதற்கு, தேங்கிய கரண்டை வடித்துவிடும் சில காசு ரெசிஸ்டர் ஒன்று போதும். அதைக்கூட வைக்கவில்லை, பாவிகள்.

கேட்டபோதெல்லாம் ஒரு சாக்கு. முதலில் "மூணு மாசம் போகட்டும் அக்கா, பெட்டி உங்க வீட்டுக்குப் பழகணும்." அதற்குள் திருப்பி அனுப்பும் தவணை முடிந்தது. அப்புறம் "உங்க வயரிங் பழசு." ஷாக்கைச் சொன்னதும் "ஈரக் கையோட தொட்டிருப்பான்" என்று சொல்லி நம்பரை பிளாக் செய்துவிட்டார். இணையச் சந்தைக்காரர்களோ "ஆர்டர் நிறைவடைந்தது, விற்பனையாளரைத் தொடர்புகொள்ளவும்" என்று அதையே திருப்பித் திருப்பி அனுப்புகிறார்கள். 258 வெள்ளி! எங்கள் ஒரு மாத பில்லே அவ்வளவு வராது.

ஏற்கெனவே வாங்கியவர்கள் பிடுங்கும்போது பின்னைத் தொடாதீர்கள், பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். சிரிம் (மலேசியத் தரச் சான்று) லேபிள் இல்லாததைச் செருகாதீர்கள். மைக்ரோவேவைத் திறக்கவே வேண்டாம், அதில் இருப்பது 2,000 வோல்ட் கப்பாசிட்டர், பிளக்கைக் கழற்றிய பிறகும் ஆளைக் கொல்லும். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் புகார் பதிய 5 வெள்ளிதான், நாளைக்கே பதியப் போகிறேன்.