கல்லைப் படிக்க ஒரு நாள்: நெல்லைச் சீமையில் ஒரு வேன் சுற்றுலா

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சிறு நிறுவனம் ஞாயிறுதோறும் நடத்தும் ஒருநாள் வேன் சுற்றுலாவில் சென்ற மாதம் சேர்ந்துகொண்டேன். தலைக்கு 1,400 ரூபாய். மதியச் சாப்பாடும் அதில் அடக்கம். அருவியும் அல்வாக் கடையும் இல்லாமல், வழியோரத்து நினைவுச் சின்னங்களையும் பலகைகளையும் மட்டுமே காட்டுவோம் என்று அவர்கள் சொன்னபோது, இதற்கு யார் வருவார்கள் என்றுதான் நினைத்தேன். வேனில் 12 இருக்கைகளும் நிரம்பியிருந்தன.

காலை ஆறரை மணிக்குச் சுலோச்சன முதலியார் பாலத்தில் தொடங்கினோம். திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே மக்கள் தாமிரபரணியைப் படகில் கடந்துகொண்டிருந்த காலத்தில், கலெக்டர் கச்சேரியில், அதாவது அலுவலகத்தில், சிரஸ்தாராக (தலைமை எழுத்தராக) இருந்த சுலோச்சன முதலியார் தம் கைப்பணத்தைக் கொண்டு கட்டி, 1843-இல் திறக்கப்பட்ட பாலம் இது. அன்றாடம் பஸ்ஸில் இதைக் கடப்பவன் நான். ஆனாலும் ஆற்றுக்குள் இறங்கி நின்று அதன் 11 வளைவுகளை எண்ணியது அன்றுதான். முதலியாரின் மனைவி நகைகளைக் கழற்றிக் கொடுத்த கதையை வழிகாட்டி சுவையாகச் சொல்லிவிட்டு, "இது ஊர்ச்சொல், கல்லில் இருப்பது வேறு" என்று பிரித்தும் காட்டினார். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியரான அவரிடம் நாள் முழுவதும் எனக்குப் பிடித்திருந்தது இந்தப் பிரிப்புத்தான்.

கயத்தாற்றில் நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் கட்டபொம்மன் சிலையை வேன் சன்னலிலேயே பார்த்துக் கடந்தவர்கள் நம்மில் பலர். நடிகர் சிவாஜி கணேசன் நிலம் வாங்கி நிறுவிய சிலை அது. 1799 அக்டோபர் 16 அன்று கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் மேஜர் பானர்மேன் கட்டபொம்மனைப் புளியமரத்தில் தூக்கிலிடச் செய்தது இந்த ஊரில்தான். சிலை வருவதற்கு வெகுகாலம் முன்பே, அவ்வழியே போனவர்கள் ஆளுக்கொரு கல்லை எடுத்துப் போட்டு அவ்விடத்தில் ஒரு கற்குவியலை எழுப்பியிருந்தார்கள் என்று வழிகாட்டி சொன்னார். எழுத்தில்லாத அந்தக் குவியல்தான் இந்த வழித்தடத்தின் முதல் வரலாற்றுப் பலகை என்று எனக்குப் பட்டது. கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் குனிந்து ஒரு சரளைக் கல்லைப் பொறுக்கி, எங்கே போடுவதென்று தெரியாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இங்கே எங்களுக்குக் கிடைத்தது கால் மணி நேரம். சாப்பாட்டுக்கு ஒதுக்கியதோ ஒன்றேகால் மணி நேரம்! இந்தக் கணக்கை அவர்கள் மாற்றியே ஆக வேண்டும்.

பாஞ்சாலங்குறிச்சியில் எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் கோட்டை 1974-இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை. பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை மீண்டும் எழுப்பிய பழைய கோட்டையைக் கம்பெனிப் படை 1801 மே மாதம் பிடித்துத் தரைமட்டமாக்கிவிட்டது. இதை உள்ளே நுழையும் முன்பே சொல்லிவிட்டது நல்ல நேர்மை. அருகிலுள்ள கம்பெனிப் படையினரின் கல்லறைகளுக்கும் அழைத்துச் சென்று, தோற்றவர் கல்லையும் வென்றவர் கல்லையும் ஒரே பொழுதில் படிக்க வைத்தார்கள்.

மணியாச்சியில் பார்ப்பதற்கு அதிகமில்லை. 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்ட சந்திப்பு நிலையம் 'வாஞ்சி மணியாச்சி' ஆனதால், பெயர்ப்பலகையே அங்கு நினைவுச்சின்னம்.

பழங்கால ஈமக்காடான ஆதிச்சநல்லூருக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. 1876-இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டி, கிடைத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டுபோனதையும், 1899 முதல் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்து, இறந்தோரைப் புதைத்த தாழிகளோடு பொற்பட்டங்களையும் இரும்புக் கருவிகளையும் எடுத்ததையும் வழிகாட்டி பரம்பின் (மேட்டின்) மேல் நின்று விளக்கினார். எதிரே இருந்த நீலப் பலகையோ, தொல்லியல் சின்னங்களைக் காக்கும் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி, சேதப்படுத்தினால் 2 ஆண்டுச் சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்று மிரட்டுவதோடு நின்றுவிட்டது. காலடியில் புதைந்திருப்பவர்களைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. இப்படிப் பலகை பேசாத இடங்களில் பேசத் தெரிந்த ஒருவர் உடன் வருவதற்குத்தான் இந்த 1,400 ரூபாய் தகும்.

நிறுவனத்தின் பெயரில் 'நெல்லை வரலாறு' இருந்தாலும், பாலத்தைத் தவிர மற்ற நிறுத்தங்கள் எல்லாம் 1986-இல் பிரிந்த தூத்துக்குடி மாவட்டத்தில் இருப்பதாக ஒரு இளைஞர் குறைபட்டார். அதை நான் குறையாகக் கொள்ளவில்லை. என் குறை, கையில் கொடுத்த துண்டுப்பிரசுரத்தில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஆண்டை 1797 என்று அச்சிட்டிருந்ததுதான். வேனை விட்டு இறங்கும்போது சுட்டிக்காட்டினேன். "அடுத்த அச்சில் மாத்திருவோம் சார், இன்னும் முந்நூறு பாக்கி இருக்கு" என்றார் ஓட்டுநர்.