கலகலப்புக்கு எதிர்ச்சொல் சோகம் இல்லை: ஓர் அகராதிச் செயலியோடு ஆறு மாதம்

மெய்ப்புத் திருத்துவது என் வேலை. நாளுக்கு இருபது முப்பது தடவை அகராதியைத் திறப்பேன். ஆறு மாதமாகக் கைபேசியில் ஒரு தமிழ் அகராதிச் செயலி இருக்கிறது. பெயர் வேண்டாம், செயலியைத் தயாரித்தவர்களுக்கே குறைகளை எழுதி அனுப்பிவிட்டேன்.

எந்த அகராதி கைக்கு வந்தாலும் நான் முதலில் பார்ப்பது ‘கலகலப்பு’ என்ற சொல்லைத்தான். ‘மகிழ்ச்சி’ என்று ஒரே வார்த்தையில் முடித்திருந்தால் மூடிவைத்துவிடுவேன். மகிழ்ச்சி தனியாக உட்கார்ந்திருப்பவருக்கும் வரும். கலகலப்புக்கு ஆள் வேண்டும், பேச்சு வேண்டும், சத்தம் வேண்டும். ‘கலகலப்பான மனுஷன்’ என்று ஒருவரைச் சொன்னாலும், அவர் இருக்கும் இடம் அப்படி ஆகிவிடும் என்பதுதான் அதற்குள் இருக்கும் செய்தி.

இந்தச் செயலி அதைச் சரியாகப் பிடித்திருக்கிறது. ‘பேச்சும் சிரிப்புமாக இருக்கும் நிலை’ என்று பொருள் சொல்லி, கீழே இரண்டு வாக்கியங்கள்: ஒன்று ஆளைப் பற்றி, ஒன்று வீட்டைப் பற்றி. படித்ததும் மனம் நிறைந்தது. ‘உவகை’க்கும் நல்ல பதிவு. தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில், அது ஒன்று என்பதோடு, அது பிறக்கும் நான்கு இடங்களில் விளையாட்டும் உண்டு என்பதுவரை கொடுத்திருக்கிறார்கள்.

எதிர்ச்சொல் பகுதிதான் ஏமாற்றம். கலகலப்புக்கு எதிராக ‘சோகம்’ என்று போட்டிருக்கிறது. யார் அப்படிப் பேசுகிறார்கள்? ஆள் என்றால் ‘உம்மென்று இருக்கிறார்’ என்போம். வீடு என்றால் ‘வெறிச்சோடிக் கிடக்கிறது’ என்போம். இரண்டிலும் துக்கம் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. இல்லாமல் போனது சத்தம்தான்.

தேடலிலும் ஒரு கோளாறு. ‘கலகல’ என்று தட்டினால் ‘கல’ என்பதைப் பிரித்தெடுத்து, கலத்தல், கலவை என்று வரிசையாகக் காட்டுகிறது. இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்பது பள்ளிப் பாடம். சிரிப்பொலிக்கும் வளையொலிக்கும் வரும் சொல்லைப் பாதியாக நறுக்கினால் கையில் எதுவும் மிஞ்சாது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ‘கலகலத்தல்’ என்ற வினைக்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. ‘மகிழ்ச்சி நிறைதல்’, அவ்வளவுதான். சென்ற மாதம் ஒரு கதையில் ‘மருமகள் வந்ததும் வீடே கலகலத்துப்போனது’ என்ற வரி வந்தது. ஏதோ இடறியது. செயலியைப் பார்த்தேன், சரி என்றிருந்தது, விட்டுவிட்டேன். அச்சான பிறகு ஒரு வாசகர் கேட்டார்: “அந்தப் பொண்ணு வந்துதான் குடும்பம் சிதறிச்சா?” அவர் கேட்டதில் தப்பே இல்லை. ‘கூட்டணி கலகலத்தது’ என்று செய்தியில் வந்தால் அது ஆட்டம் கண்டுவிட்டது என்றுதானே அர்த்தம்? கலகலத்துப்போன நாற்காலி என்றால் மூட்டு விட்ட நாற்காலி. அசைத்தால் கலகலவென்று சத்தம் வரும். அந்த ஒரே சத்தத்திலிருந்துதான் சிரிப்பும் பிறந்தது, சிதைவும் பிறந்தது என்று நினைக்கிறேன். ‘கலகலப்பானது’ என்றோ ‘களைகட்டியது’ என்றோ நான் மாற்றியிருக்கவேண்டும். கதாசிரியரை அழைத்து மன்னிப்புக் கேட்டேன்.

மற்றபடி செயலி வேகமானது. இணையம் இல்லாமலும் ஓடும், விளம்பரம் குறுக்கே வராது. பெயர்ச்சொற்களுக்குத் தாராளமாக நம்பலாம். வினைச்சொல்லுக்கு மட்டும் மேசையிலிருக்கும் பழைய அச்சு அகராதியையும் ஒருமுறை புரட்டிவிடுகிறேன். இப்போதைக்கு ஐந்துக்கு மூன்றரை. கலகலத்தலுக்கு இரண்டாவது பொருளைச் சேர்க்கும் அன்று இன்னொரு மதிப்பெண் சேர்த்துக் கொடுப்பேன்.