செட்டிநாட்டுப் பொருள்களும் ‘ஷிப்பிங்’ கட்டணமும்: தராசும் அளவு டேப்பும் வைத்துப் பார்த்ததில்

பனையோலைக் கூடையான கொட்டான் ஒன்றுக்கு 300 ரூபாய் அனுப்பும் கட்டணம் கேட்பவர் பெரும்பாலும் நியாயக்காரர். புடவைக்கு 80 ரூபாய் வீதம் மூன்று புடவைக்கு 240 போடுகிறவர்தான் கொஞ்சம் கூடுதலாக எடுக்கிறார். காரைக்குடி, ஆத்தங்குடி, கானாடுகாத்தான் பக்கத்து விற்பனையாளர்களிடம் சில ஆண்டுகளாக வாங்கி, வந்த பெட்டிகளை எடை போட்டு, நீள அகல உயரம் அளந்து பார்த்ததில் கிடைத்த முடிவு இது. தொகையைப் பார்த்துக் கோபப்படுவதில் பயனில்லை. பெட்டியைப் பார்க்க வேண்டும்.

கூரியர்காரர் இரண்டு எடை பார்க்கிறார். ஒன்று தராசு காட்டுவது. மற்றது பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வருவது. இதை வால்யூமெட்ரிக் வெயிட் என்பார்கள். இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பணம். அதுவும் அரைக்கிலோ படிகளாகப் போகும். 510 கிராம் என்றால் ஒரு கிலோவுக்கான காசு. சில நிறுவனங்கள் 5000-க்குப் பதில் வேறு எண்ணால் வகுக்கும். விற்பவரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.

பனையோலைக் கொட்டானை எடுத்துக்கொள்ளுங்கள். வெறுங்கையில் தூக்கினால் 400 கிராம்கூட இருக்காது. அதற்கு 30×30×25 பெட்டி வேண்டும். பெருக்கினால் 22,500. வகுத்தால் நாலரைக் கிலோ. ஆக 300 ரூபாயில் கொள்ளை ஒன்றுமில்லை, காற்றுக்கும் வாடகை போகிறது. ஆனால் ஒரே வகையில் மூன்று அளவுக் கொட்டான் வாங்கினால் கணக்கு மாறும். சின்னதை நடுவிலதில் போட்டு, அதைப் பெரியதில் போட்டால் அதே நாலரைக் கிலோப் பெட்டியில் மூன்றும் அடங்கும். தனித்தனிப் பெட்டி என்றால் நாலரை, இரண்டரை, ஒன்றரை என எட்டரைக் கிலோவுக்குப் போய்விடும். மூடிகளைப் பக்கவாட்டில் செருகிவிடலாம். மூன்றுக்கும் சேர்த்து ஒரே கட்டணம் வாங்குகிறாரா என்பதுதான் விற்பவரின் நேர்மைக்கு உரைகல். நசுங்கி வந்தால் உடனே திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. லேசாகத் தண்ணீர் தெளித்து, ஓலை இளகியதும் உள்ளே செய்தித்தாள் உருண்டைகளை அடைத்து நிழலில் உலரவிட்டால் பழைய வடிவம் வந்துவிடும். ஓலை ஒடிந்திருந்தால் அது வேறு கதை, அதற்குப் பணம் திரும்பக் கேட்கலாம்.

செட்டிநாட்டுப் பருத்திப் புடவையான கண்டாங்கியில் கதை தலைகீழ். நூலின் கனத்தைப் பொறுத்து அரைக்கிலோவுக்கு முன்பின் இருக்கும். 470 கிராம் புடவையை 28×22×4 அளவுக்கு மடித்து, 15 கிராம் கூரியர் கவரில் போட்டால் 485 கிராம், முதல் படிக்குள் அடங்கிவிடும். அதே புடவையை அழகுக்காக 35×28×6 அட்டைப்பெட்டியில் வைத்தால் வால்யூமெட்ரிக் கணக்கில் 1.18 கிலோ, அதாவது ஒன்றரைக் கிலோப் படி. பருத்திப் புடவை உடையாது, நசுங்காது. நனையாமல் இருந்தால் போதும். உள்ளே ஒரு பாலித்தீன் உறை, வெளியே கிழியாத கவர், அவ்வளவுதான் தேவை. பரிசாக அனுப்பினால் பெட்டி கேளுங்கள், இல்லையென்றால் ‘பெட்டி வேண்டாம், கவர்ல போடுங்க’ என்று ஆர்டர் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள்.

சிறு வியாபாரிகளுக்குத் தமிழ்நாட்டுக்குள் முதல் அரைக்கிலோ சுமார் 50, 60 ரூபாய்க்கும், அடுத்தடுத்த அரைக்கிலோ அதைவிடக் குறைவாக 35, 40 ரூபாய்க்கும் முடிகிறது. மூன்று புடவை ஒரே கவரில் ஒன்றரைக் கிலோ என்றால் 135 ரூபாய் வாக்கில் ஆகும். 240 வாங்கினால் மிச்சம் நூறு ரூபாய் எங்கே போனது? முழுதும் அவர் பைக்குப் போவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சில சந்தைத் தளங்கள் அனுப்பும் கட்டணத்தின் மேலும் கமிஷன் பிடிக்கின்றன. பணம் கையில் தருகிற கேஷ் ஆன் டெலிவரிக்குத் தனிக் கட்டணம் உண்டு. வாங்கியவர் கதவைத் திறக்காமல் பார்சல் திரும்பினால் போக வர இரண்டு கூலியும் விற்பவர் தலையில்தான். அந்த நஷ்டத்தை மற்ற ஆர்டர்களின் மேல் ஏற்றுகிறார்கள். முன்பணம் கட்டுகிறவருக்கு 30, 40 ரூபாய் குறைக்கிற கடை கணக்குத் தெரிந்த கடை.

தளத்தின் கூடை (கார்ட்) ஒவ்வொரு பொருளுக்கும் தனிக் கட்டணம் போட்டால், பணம் கட்டுமுன் ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும்: ‘ஆச்சி, மூணையும் ஒரே பார்சலாப் போட்டா கூரியர் எவ்வளவு வரும்?’ பாதிப் பேர் உடனே குறைத்துச் சொல்வார்கள். கூடையை அப்படி அமைத்தது அவர்கள் அல்ல, தளம்தான்.

பலகாரத்தில் ஒரே கட்டணம் வைப்பதுதான் தவறு. அதிரசம் கனமானது, அடுக்கி வைக்கலாம், ஒரு கிலோ என்றால் பார்சலும் ஒரு கிலோவைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. சீப்புச் சீடையும் தேன்குழலும் உள்ளே வெற்றிடம் கொண்டவை. ஒரு கிலோ தேன்குழலுக்கு 30×25×20 பெட்டி போட்டால் மூன்று கிலோக் கட்டணம். இரண்டுக்கும் ‘கிலோவுக்கு இவ்வளவு’ என்று ஒரே தொகை எழுதியிருந்தால் அதிரசம் வாங்குகிறவர் தேன்குழல் வாங்குகிறவருக்கும் சேர்த்துக் கட்டுகிறார் என்று அர்த்தம். சீப்புச் சீடைக்குக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பா, மேலே இடைவெளி இல்லாமல் பேப்பர் அடைப்பு, இரண்டும் அவசியம். டப்பாவுக்குள் குலுங்க இடம் இருந்தால் சென்னை போய்ச் சேர்வதற்குள் பொடியாகிவிடும். டப்பாவுக்கு 25 ரூபாய் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள்.

பேக்கிங் காசில் கஞ்சத்தனம் கூடவே கூடாத இடம் பழைய எனாமல் பாத்திரம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் கிடைக்கிற டிஃபன் கேரியர், பேசின் போன்றவை இப்போது இணையத்திலும் வருகின்றன. எனாமல் முதலில் பெயர்வது விளிம்பில். அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து அப்படியே சுற்றி அனுப்பினால் இரும்பும் இரும்பும் உரசி விளிம்பு உதிரும். ஒவ்வொரு கிண்ணத்தையும் பிரித்து, உள்ளே தாள் அடைத்து, பபிள் ராப் இரண்டு சுற்று சுற்றி, பெட்டிக்குள் பெட்டியாகப் போட வேண்டும். இரண்டு பெட்டிக்கும் நடுவே நாலு புறமும் இரண்டு விரல் இடைவெளியில் தாள் உருண்டை. ஐந்தடுக்கு அட்டைப்பெட்டி, பபிள் ராப், டேப் எல்லாம் சேர்த்து 120, 150 ரூபாய் வாங்கினால் நியாயம். வாங்குவதற்கு முன் விளிம்பைக் கிட்டத்தில் எடுத்த படம் கேளுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். பழைய உதிர்வா, வழியில் வந்த உதிர்வா என்ற சண்டை அதோடு முடியும். புது உதிர்வில் துரு இருக்காது, பழையதில் பெரும்பாலும் துருவின் பழுப்பு இருக்கும்.

ஆத்தங்குடிக் கல்லை, அதாவது கையால் செய்யும் சிமென்ட் தரைக்கல்லை, கூரியரில் வரவழைப்பது மாதிரி பார்க்க மட்டும்தான். எட்டு அங்குலக் கல் ஒன்றே ஒன்றரை முதல் இரண்டு கிலோ. 100 சதுர அடிக்கு 225 கல், கிட்டத்தட்ட 400 கிலோ. இது பார்சல் லாரிச் சரக்கு. இணையப் பக்கத்தில் ‘டெலிவரி சேர்த்து’ என்று ஒரே தொகை போட்டிருந்தால் பிரித்துக் கேளுங்கள்: வைக்கோல் வைத்துக் கட்டும் கூலி, ஏற்றுக்கூலி, லாரி வாடகை, வீட்டு வாசல் வரையா குடோன் வரையா, இறக்குக்கூலி யார் பொறுப்பு. ‘டு பே’ போடச் சொல்வது நல்லது. லாரி வாடகையை நீங்களே லாரி ஆபீஸில் கட்டிவிடலாம், நடுவில் யாரும் கூட்ட முடியாது. கல்லைப் படுக்கவைத்து அடுக்கினால் அடியில் இருக்கும் கல் உடையும். செங்குத்தாக, முகத்தோடு முகம் பார்க்க நிறுத்தி, இடையில் காய்ந்த வைக்கோல். ஈர வைக்கோல் வெள்ளைக் கல்லில் பழுப்புக் கறை விடும். சரியாகப் பதமாகாத புதுக் கல் எப்படிக் கட்டினாலும் மூலை உதிரும், அதற்கு லாரியைக் குறை சொல்லி லாபமில்லை. நூற்றுக்கு ஐந்து கல் கூடுதலாக வாங்கிவிடுங்கள். லாரிச் சீட்டில் ‘ஓனர்ஸ் ரிஸ்க்’ (சேதம் சரக்குக்காரர் பொறுப்பு) என்று இருந்தால் வழியில் உடைந்ததற்கு லாரிக்காரர் கைவிரிக்கப் பார்ப்பார்.

பில்லில் ஒரு வரியைக் கவனியுங்கள். கைத்தறிப் புடவைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். சிலர் புடவைக்கு 5, ஷிப்பிங்குக்கு 18 என்று பிரித்துப் போடுகிறார்கள். பொருளோடு சேர்த்து விற்பவரே வாங்கும் அனுப்பும் கட்டணம், பேக்கிங் கட்டணம் இரண்டும் பொருளின் விலையோடு சேர்ந்தவை, பொருளுக்கு என்ன வரியோ அதுவேதான் அவற்றுக்கும். 100 ரூபாயில் 13 ரூபாய் வித்தியாசம். சுட்டிக்காட்டினால் பெரும்பாலும் திருத்தித் தருகிறார்கள், வேண்டுமென்றே செய்வதில்லை. கூரியர்காரர் அவர்களிடம் 18 வாங்குவதை அப்படியே நம் பில்லில் எழுதிவிடுகிறார்கள்.

கடைசிப் பக்கம் வரை கட்டணத்தை மறைத்து, பணம் கட்டும்போது ‘ஹேண்ட்லிங்’ என்று புதிதாக ஒன்று முளைத்தால் அது சட்டப்படியே தவறு. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள்படி மொத்த விலையையும், அதில் டெலிவரி, தபால், கையாளும் கட்டணம், வரி ஆகியவற்றின் பிரிவையும் காட்ட வேண்டும். 2023-இல் வந்த வழிகாட்டுதல்கள் இப்படிச் சொட்டுச் சொட்டாக விலை ஏற்றுவதைத் தடை செய்கின்றன. திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம்.

தபாலில் வருவதைச் சரிபார்ப்பது இன்னும் சுலபம். அஞ்சல் துறைத் தளத்தில் அனுப்புமிடத்துக்குக் காரைக்குடியின் 630001, பெறுமிடத்துக்கு உங்கள் பின்கோடு, எடை, அளவு போட்டால் கட்டணம் வந்துவிடும். வந்த பார்சலின் ஒட்டுச்சீட்டில் எடையும் இருக்கும். அதற்கு மேல் 20, 30 ரூபாய் அதிகமாக வாங்கியிருந்தால் விட்டுவிடலாம். கிராமத்து விற்பனையாளர் வீட்டுக்குக் கூரியர் பையன் வரமாட்டான், காரைக்குடிக்கு பஸ்ஸில் எடுத்துப்போய்க் கொடுத்துவிட்டு வருகிறார்.